மூணாவது ஓலை

இராயபுரம்,
செவ்வாய்க்கிழமை

பாப்பா ஃபாத்திமாவுக்கு நைனா எழுதறது. உனுக்கு பேரு குடுத்த ஃபாத்திமா மாதா தயவுல நாங்க மூணு பேரும் இங்க ஏதோ கீறோம், நீ குவைத்துல வேளைக்கு சாப்ட்டு ஒடம்ப பாத்துகினு கீறியா. அம்மாவுக்கு இழுப்பு இன்னும் வுடல, மணலி ஃபேக்டரி பக்கத்துலருந்து காத்தடிச்சா அன்னிக்கு பூரா ஜன்னல சாத்திகினு உக்காந்துனு கீறா. உன் தம்பி மேத்யூ மாதவரத்துல லாரி ஷெட்டுக்கு வேலைக்குப் போறான், சம்பளம் பரவால்ல, கோவம்தான் ஜாஸ்தி, என்ன மாதிரியே. போன்ல பேசலாம்னா நீ அம்மாகிட்ட பேசிட்டு வச்சிடற, அதான் ஹார்பர்லருந்து ரிட்டயர் ஆனப்புறம் பேனாவே தொடாத கையால எழுதறேன், எழுத்து கலீஜா இருந்தா திட்டாத.

போன வாரம் உன் பொறந்த நாளுக்கு, இருபத்தேழு வயசுக்குள்ள நான் கத்துகினதுன்னு ஃபேஸ்புக்ல எழுதினியே, மேத்யூ சத்தமா படிச்சான். சமைக்கத் தெரிஞ்சா பாதி தைரியம் வந்துடும்னு எழுதியிருந்த, வூட்ல ஒரு நாளு கரண்டி புடிக்காத கழுத எப்டி பேசுது பாருன்னு அம்மா சிரிச்சா. தூக்கம் இல்லாத நாள்ல முடிவு எடுக்காதன்னு எழுதியிருந்த, அதுவும் சரிதான். அப்பால, கஷ்டம்னு வந்தா பெத்த அப்பாவே கூட வரமாட்டாரு, நாமதான் போகணும்னு படிச்சான். படிச்சிட்டு என் மூஞ்சப் பாக்காம எழுந்து போய்ட்டான். எனுக்கு வந்துச்சே கோவம், ஊரே பாக்கற மாதிரியா எழுதுவன்னு ரெண்டு நாளு சரியா சாப்டல. உன் அத்தை போன் பண்ணி அத அழிக்கச் சொல்லுன்னா. நீ அழிக்காத.

அன்னிக்கு நடந்தத நானும் எழுதிடறேன். உனுக்கும் ஜெரால்டுக்கும் கல்யாணம், தடை இருந்தா சொல்லுங்கன்னு கோயில்ல ரெண்டு ஞாயித்துக்கிழமை ஓலை வாசிச்சாச்சு, மூணாவது ஒண்ணுதான் பாக்கி. போன் எடுக்கலன்னு நீ வேலை செஞ்ச ஆஸ்பத்திரி வாசல்ல நாலு பேரு எதிர்ல அவன் உன்ன அறஞ்சான். நீ வீங்கின கன்னத்தோட வந்து, வா நைனா, சாமியார்கிட்ட சொல்லி ஓலைய நிறுத்திடலாம்னு என் கையப் புடிச்ச. ரெண்டு ஓலை ஆனப்புறம் நிறுத்தனா கோயில்ல எப்டி தலகாட்டறதுன்னு சொல்ட்டு நான் செவுத்துப் பக்கம் திரும்பி படுத்துகினேன். நீ தனியாத்தான் போன. அதோட வுட்டனா, ஏன் நின்னுச்சின்னு கேட்டவனுக்கெல்லாம் எம் பொண்ணுக்குத்தான் திமிருன்னு சொல்லிகினு திரிஞ்சேன். அவன் அடிச்சத ஒருத்தர்கிட்டயும் சொல்லல. சொன்னா நீ ஏன்யா கூட போவலன்னு கேப்பாங்க இல்ல.

இப்போ கேளு. ரெண்டு மாசம் முன்ன அதே கோயில்ல ஜெரால்டுக்கு ஓலை வாசிச்சாங்க, பொண்ணு காசிமேட்டு வேதமாணிக்கம் மவ ஷாலு. தடை எதுனா தெரிஞ்சா வந்து சொல்லுங்கன்னு சாமியார் சொன்னாரு. அவர்கிட்ட போவ அப்பவும் தைரியம் வரல, பூசை முடிஞ்சி வேதமாணிக்கத்த ஓரமா கூப்ட்டு எல்லாத்தையும் சொன்னேன். அஞ்சு வருசமா உம் பொண்ணுக்குத்தான் திமிருன்னு நீதானய்யா சொல்லிகினு இருந்த, இப்போ அவனுக்கு நல்ல எடம் கெடச்சதும் வயிறு எரியுதான்னு கேட்டான். மூணு ஓலையும் வாசிச்சி கல்யாணமும் ஆயிடுச்சி. நீ இருபத்திரெண்டுல கத்துகினத நான் அறுபதுல கத்துகினேன், அதுவும் இன்னொருத்தன் பொண்ணு அடி வாங்கி. அந்தக் கல்யாண விருந்துக்கு நான் போவல.

நேத்து மீன் வாங்கப் போன எடத்துல ஷாலுவப் பாத்தேன். ஒதட்டுல தையல். அப்பா வூட்டுக்கு ஓடி வந்தா சமாதானம் பண்ணி அங்கியே திருப்பி அனுப்பறாங்களாம். ஸ்டேஷனோ சாமியாரோ, எங்க போவணும்னாலும் சொல்லும்மா, நான் கூட வரேன்னேன். நீ எழுதினத அதுவும் படிச்சிருக்கு. அக்கா கூடவே நீங்க போவலியே அங்கிள், என் கூடவா வரப்போறீங்கன்னு கேட்டுச்சி. கோவமா கேட்டிருந்தா தாங்கியிருப்பேன், மெதுவாத்தான் கேட்டுச்சி. உன் நம்பர மட்டும் வாங்கிகினு போச்சி.

மன்னிச்சிடுன்னு நேர்ல கேக்க எனுக்கு வாய் வராது, இதுல கேக்கறேன். மாதா எப்பவும் உன் பக்கத்துலயே இருக்கணும், உன் வாழ்க்கை நல்லா இருக்கணும். ஏசி வார்டுல ஸ்வெட்டர் போட்டுக்கோ. எங்கூட பேசாட்டி பரவால்ல பாப்பா. அந்தப் பொண்ணு போன் பண்ணா எடு, டூட்டில இருந்தாலும் எடு.

இப்படிக்கு,
உன் நைனா
பாஸ்கல்