உப்புத்தாள்

அன்பு மகனுக்கு,

கைக்கட்டோடு இருக்கும் உனக்கு நர்ஸம்மா இதை வாசித்துக் காட்டுவார்.

நீ வருவதற்குள் உன் எலெக்ட்ரிக் கிட்டாருக்கு நானே பெயின்ட் அடித்துவிட நினைத்தேன். பழைய பெயின்டை எடுக்க உப்புத்தாளால் ஒரு இழுப்புத்தான் தேய்த்தேன். அம்மா ஓடி வந்து குடத்துத் தண்ணீரை அதன்மேல் கொட்டிவிட்டாள். "உரசாதீக. பட்டாசு மருந்து உரசித்தான எம்புள்ளைக்கு இப்படி ஆச்சு" என்று உப்புத்தாளைப் பிடுங்கிக்கொண்டாள். அவளும் பட்டாசுக் கம்பெனிக்குப் போகிறவள்தானே, திட்ட முடியவில்லை. எனக்கும் அதற்குமேல் கை ஓடவில்லை.

திருத்தங்கலில் வேனுக்குப் பெயின்ட் அடிப்பவரிடம் கொடுத்தேன். நீ ஆசைப்பட்ட கறுப்பில் பளபளவென்று அடித்திருக்கிறார். "கம்பிய நான் மாட்டட்டுமா, தம்பியே வந்து மாட்டிக்கிருவாகளா" என்று கேட்டார். கம்பிகளைப் பொட்டலமாக வாங்கி வந்துவிட்டேன்.

அப்பா

நர்ஸம்மா, விரல்களைப் பற்றி டாக்டர் சொன்னது அவனுக்கு இன்னும் தெரியாது. கம்பிப் பேச்சை மட்டும் வாசிக்காமல் விட்டுவிடுங்கள்.