குன்றத்தூரைப் பெங்களூருக்கு மாற்றினேன்

நவம்பர் 12, செவ்வாய்

ட்ரோன் தயாரிப்பு போன்ற புதிய தொழில்கள் எந்த நகரத்தில் எப்படி வளர்கின்றன என்று ஒப்பிடும் எங்கள் ஆய்வு நிறுவனத்தின் அறிக்கை நாளை போக வேண்டும்.

போன வாரம் குன்றத்தூரில் காதர் பாயின் பட்டறைக்குப் போயிருந்தேன். ஒரு பெங்களூரு கம்பெனியின் ட்ரோனுக்கு உடம்பு முழுக்க அங்கேதான் தயாராகிறது. தகடு வெட்டிய கறுப்புத் தூசி அவர் புருவத்தில்கூட இருந்தது.

"ரிப்போர்ட்ல நம்ம ஊரு வரும்ல சார்?"

"கண்டிப்பா வரும் பாய்" என்றேன்.

இன்று மேனேஜர் போனில் கூப்பிட்டு, பட்டறையைப் பற்றி நான் எழுதிய பத்தியைப் பெங்களூருக்குக் கீழே போடச் சொன்னார். "கம்பெனி அங்கதானே ரெஜிஸ்டர் ஆயிருக்கு? பட்டறை எங்க இருந்தா நமக்கென்ன?"

கொஞ்ச நேரம் வாதாடினேன். பிறகு மாற்றிவிட்டேன். சாயங்காலம் காதர் பாய் கூப்பிட்டார். எடுக்கவில்லை.

இந்த வேலையே வேண்டாம், வேறு இடம் பார்க்கலாம் என்று சம்பளச் சீட்டைத் தேடி எடுத்தேன். மூன்று வருடமாகத் தாம்பரத்தில், இதே சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்துதான் வேலை பார்க்கிறேன். சீட்டில் 'பணியிடம்: பெங்களூரு' என்றிருக்கிறது.

காதர் பாயை இன்றைக்குத்தான் அங்கே கொண்டுபோய்ச் சேர்த்தேன். நான் எப்போதோ போய்ச் சேர்ந்துவிட்டேன்.