தக்காளிச் செடிக்கு எதைக் கட்டுவது

4-1-71, திங்கள்

பனி. மொட்டைமாடி நனைந்து கிடந்தது. கால் வீக்கம் வடியவில்லை. பொங்கல் விற்பனை தொடங்கியதிலிருந்து ஜவுளிக்கடையில் உட்காரவே நேரமில்லை.

காபி டம்ளரை வைக்கும்போது பார்வதி சொன்னாள்: "தக்காளிச் செடி சாயுது. கட்டுறதுக்கு ஏதாச்சும் கொண்டாங்க."

செப்டம்பரில் ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு அவளாகக் கேட்ட முதல் பொருள். சோறு போடவா, குழாயில் தண்ணீர் வந்தாச்சு. இதற்கு மேல் பேச்சில்லை இத்தனை நாளும்.

ஏழு செடி. நாலு மண்ணெண்ணெய் டின்னில், இரண்டு ஓட்டை வாளியில், ஒன்று தொட்டியில். ஐப்பசி மழையில் அழுகின பழத்தைப் பிதுக்கிப் போட்டாள். அத்தனையும் முளைத்துவிட்டது.

வாங்க: து. பருப்பு, நீலம், சவுக்குக் குச்சி 7, கட்ட ஏதாவது.

5-1, செவ்வாய்

சேலம் சரக்கு வந்தது. மூட்டை பிரித்த சணல் ஒரு கை நிறைய. எப்படியும் குப்பைக்குத்தான் போகும் என்று பையில் போட்டுக்கொண்டேன்.

6-1, புதன்

கடைக்குப் போகுமுன் குச்சி நட்டுச் சணலால் கட்டினேன். பா. பக்கத்தில் நின்று பார்த்தாள். மாம்பலத்திலிருந்து தி.நகர் நடை. முதலாளி அண்ணாச்சி கடிகாரத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

8-1, வெள்ளி

இரண்டு நாளாகக் காற்று. சணல் உரசி மூன்று செடியில் தண்டின் தோல் உரிந்துவிட்டது. ஒன்று பாதி அறுந்து தொங்குகிறது. பா. அந்த இடத்தை விரலால் தடவினாள். திட்டியிருந்தால் தேவலை.

தெருமுனையில் பூக்கட்டும் ரங்கம்மாவிடம் வாழைநார் கேட்டேன். "இன்னா நைனா, பூ வாங்காம நார் கேக்குறே?" என்றாள். செடிக்கு என்றேன். காசு வாங்கவில்லை. ஊறப்போட்டுக் கட்டச் சொன்னாள்.

10-1, ஞாயிறு

ஞாயிற்றுக்கிழமையும் கடை உண்டு. காலையில் பார்த்தால் நார் வெயிலில் காய்ந்து இறுகியிருந்தது. இரண்டு இடத்தில் அறுந்தும் போயிற்று. எல்லாவற்றையும் பிரித்துப் போட்டேன்.

யோசித்தவை:
சைக்கிள் டியூப்: வெயிலில் சுடும். வேண்டாம்.
பாவாடை நாடா: முரடு.
கடைவாசல் தையல்காரர் தந்த நைலான் துண்டு: முடிச்சு நிற்பதில்லை.
மல் துணி: மெத்தென்று இருக்கிறது. புதிதைக் கிழிக்க மனம் வரவில்லை.

பதினெட்டு வருஷமாகத் துணியைத் தொட்டே பிழைப்பு. இன்றைக்கு முழுக்க எந்தத் துணி கையில் வந்தாலும் கட்டைவிரலால் தேய்த்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஓர் அம்மாள், "எனக்குப் புடவை காட்டுறீங்களா, நீங்களே பாத்துக்கறீங்களா?" என்றாள்.

12-1, செவ்வாய்

நல்ல கூட்டம். மத்தியானச் சாப்பாடு நின்றபடியே. சேலத்து ஆள் ஒருவன் மொத்தச் சரக்குக்கு லாட் விலை பேச வந்தான். அவன் முகத்தைப் பார்த்ததும் அண்ணாச்சியிடம் அனுப்பிவிட்டேன். செப்டம்பரில் தந்தி வந்தபோது அவன் தறிக்கூடத்தில்தான் நான் சரக்கு பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு நாள் கழித்து வந்து சேர்ந்தேன். அதற்குள் மச்சினர் அடக்கம் எல்லாம் முடித்துவிட்டார். பெண் குழந்தை என்று மட்டும் சொன்னார்கள். நான் முகம் பார்க்கவில்லை. அதைப் பற்றிப் பா.விடம் ஒரு வார்த்தை பேசினதில்லை. புண்ணைக் கிளற வேண்டாம் என்று நினைத்தேன். பயம் என்பதுதான் சரி.

13-1, புதன். போகி

தெருவெல்லாம் புகை, பாய் எரியும் நாற்றம். முகம் கழுவிவிட்டு வந்தால் பா. தகரப்பெட்டியைத் திறந்து வைத்திருக்கிறாள். பிள்ளைக்கென்று மடித்து வைத்த துணி. பிறக்குமுன் புதிது வாங்கக்கூடாது என்று என் பழைய வேட்டிகளைக் கிழித்துத் துவைத்து, வெயிலில் போட்டு, மறுபடி துவைத்து வைத்தது. மொத்தம் பன்னிரண்டு.

எரிக்கப் போகிறாள் என்று நினைத்தேன்.

ஒன்றை எடுத்து ஓரத்தைப் பல்லால் கடித்துக் கிழித்தாள். விரல் அகலத்துக்கு ஒரு துண்டு.

"இதுதான் மெத்துனு இருக்கும்," என்றாள். "பிடிங்க அந்த முனைய."

பிடித்தேன். அவள் கிழிக்கக் கிழிக்க நான் சுருட்டி வைத்தேன். கடைக்கு ஒரு மணி நேரம் தாமதம். அண்ணாச்சி கேட்டதற்கு வீட்டில் வேலை என்றேன்.

14-1, வியாழன். பொங்கல்

கடை லீவு. பானை வைக்கவில்லை. கீழ் வீட்டிலிருந்து ஒரு கிண்ணம் வந்தது. ஆளுக்கு ஒரு வாய்.

எட்டு மணிக்கு மாடி. குச்சியில் ஒரு சுற்று, நடுவில் ஒரு முறுக்கு, தண்டைச் சுற்றித் தளர்வாக ஒரு வளையம். தண்டு உரசாது, பெருக்கவும் இடம் இருக்கும். அவள் தண்டைப் பிடித்துக்கொண்டாள், நான் முடிச்சுப் போட்டேன். மூன்றாவது செடியில் அவள் குனிந்தபடியே பேச ஆரம்பித்தாள்.

"அவளுக்குத் தலை நெறைய முடிங்க. பாக்கணும்னு நான்தான் கேட்டேன். நர்ஸம்மா ஒரு நிமிஷம் காட்டுனாங்க."

என் கை நின்றுவிட்டது. எம்மேல கோபமா என்று கேட்டேன். நாலு மாதமாகக் கேட்க நினைத்தது.

"இருந்துச்சு. ஊர்ல இல்லாததுக்கு இல்ல. வந்த பெறகும் நீங்க ஒண்ணும் கேக்கலியே, அதுக்கு."

அடுத்த துண்டை எடுத்து என் கையில் கொடுத்தாள்.

முகம் யார் மாதிரி என்று கேட்டேன். நெற்றி என்னுடையதாம், காது அவள் அம்மாவுடையது. விரல் கேட்டேன். நீளமாம். கண் கேட்டேன். மூடியிருந்ததாம், இமை முடிகூடத் தெரிந்ததாம். ஏழாவது செடி கட்டி முடித்த பிறகும் கேட்டுக்கொண்டிருந்தேன். எல்லாவற்றுக்கும் பதில் சொன்னாள்.