ஜஸ்டின் அண்ணன் கையில் கொடுத்த கவர்

தென்காசி
9 ஜூலை 2024

அன்புள்ள ரெபேக்காள்,

என் நம்பரை நீ பிளாக் பண்ணி வைத்திருக்கிறாய். அதனால்தான் இந்தத் தபால். அச்சன்புதூரில் உன் அம்மா வீட்டு விலாசம், பி.எட். படிக்கும்போது நீ எழுதித் தந்தது, இன்னும் என் டைரியில் இருக்கிறது. கிழித்துப் போடுவதற்கு முன்னால் பாதியாவது படி.

ஜாய்க்கு மறுபடியும் வீசிங். இப்போதுதான் தூங்கினாள். அவள் மூச்சுச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே எழுதுகிறேன். வரி கோணலாகப் போனால் அதுதான் காரணம்.

ஜஸ்டின் அண்ணனைச் சபையின் குற்றாலம் ரெஸ்ட் ஹவுஸ் வேலையிலிருந்து நிறுத்திவிட்டதாக ஞாயிறு ஆராதனை முடிவில் வாசித்தார்கள். இவ்வளவு தூரம் போகும் என்று சத்தியமாக நினைக்கவில்லை. புகார்க் கடிதத்தில் என் கையெழுத்து இருப்பது உண்மைதான். சண்டே ஸ்கூல் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு அங்கே போன அன்று, கொல்லைப்புறத்தில் மதுப் பாட்டில்கள் கிடந்ததைப் பார்த்தேன். வீட்டுக்கு வந்து மாமாவிடமும் சொன்னேன். சபைச் செயலாளர் என்ற முறையில் அவர் விசாரிப்பார் என்று நினைத்துத்தான் சொன்னேன். "பாட்டிலப் பாத்தியா இல்லியா? பாத்தேல்லா? அப்ப எழுதும்மா. சும்மா ஒரு கண்டிப்புக்குத்தான்" என்றார். அவர் சொல்லச் சொல்ல எழுதினேன்.

ஜோயல் மஸ்கட்டிலிருந்து வர இன்னும் ஏழு மாதம். இந்த வீட்டில் மாமாவை மீறி நான் என்ன செய்ய முடியும், நீயே சொல். நீங்கள் மூன்று பேரும் சாப்பிடுகிறீர்களா, அம்மா எப்படி இருக்கிறார்கள் என்று ஒரு வரி எழுது.

உன்
ஷாரோன்


அச்சன்புதூர்
16 ஜூலை 2024

ஷாரோனுக்கு,

சாப்பிடுகிறோம். அம்மா நன்றாக இருக்கிறாள்.

உன் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். பாட்டிலை எழுதியிருக்கிறாய். பிள்ளை வீசிங்கை எழுதியிருக்கிறாய். அந்தக் கவரை யார் கையில் கொடுத்தாய் என்பதை மட்டும் எப்படி ஏட்டி மறந்தாய்?

என் புருஷன் கையில் கொடுத்தாய். உன் வீட்டு வாசலில் வைத்து, ஒட்டின கவரை. "ஐயா ஆபீஸ்ல குடுத்துரச் சொன்னாங்க" என்று நீதான் சொன்னாயாம். அன்றைக்கு நல்ல சாரல். நனையக் கூடாது என்று சட்டைக்குள் வைத்துக்கொண்டு பைக்கில் போனார். குருவானவர் கையிலேயே கொடுத்துவிட்டு வந்து, "செக்ரெட்டரி ஐயா என்ன நம்பி ஒரு முக்கியமான லெட்டரத் தந்தாங்க பாத்துக்கோ" என்று என்னிடம் பெருமை வேறு அடித்துக்கொண்டார்.

தாவீது ராஜா எழுதிக் கொடுத்ததை, தன் சாவைத்தான் சுமக்கிறோம் என்று தெரியாமல் உரியா போர்க்களத்துக்குக் கொண்டுபோன கதையை எத்தனை வருஷம் நீ வகுப்பில் நடத்தியிருக்கிறாய்?

பாட்டில் யாருடையது என்று உனக்குத் தெரியாதா? சீசனுக்கு வரும் உன் மாமனாரின் சிநேகிதர்களுக்கு இனிமேல் ரூம் சாவி தரமாட்டேன் என்று இவர் சொன்ன மறுவாரம்தான் அந்தக் கடிதம் பிறந்தது. இவர் காபி குடித்தாலே நெஞ்செரிச்சல் என்பார்.

ஆகஸ்ட் மூன்றாம் தேதி விசாரிக்க வெளியிலிருந்து இரண்டு குருவானவர்கள் வருகிறார்களாம். நீ வருவாயா என்று இவர் கேட்டார். உன்னைப் பத்து வருஷமாகத் தெரியும், வரமாட்டாய் என்று சொல்லிவிட்டேன்.

ரெபேக்காள்


தென்காசி
5 ஆகஸ்ட் 2024

ரெபேக்காள்,

சனிக்கிழமை விசாரணைக்கு வந்தும் நீ உள்ளே வராமல் பைக் பக்கத்திலேயே நின்றுவிட்டாய். உள்ளே நடந்ததை ஜஸ்டின் அண்ணன் முழுசாகச் சொல்லியிருக்க மாட்டார், அவர் சுபாவம் அப்படி. அதனால் நான் எழுதுகிறேன்.

முதலில் கவர். நான் மறக்கவில்லை. எழுதத் தைரியம் வரவில்லை. அதை வாங்கும்போது அண்ணன், "ஜாய்க்கு இருமல் நின்னுட்டா டீச்சர்?" என்று கேட்டார். நின்றுவிட்டது என்றேன். உள்ளே வந்து கதவைச் சாத்திக்கொண்டேன்.

உன் கடிதம் வந்ததற்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் அதே பாடத்தைத்தான் எடுத்தேன், வேண்டுமென்றேதான். உரியா நல்லவன், தாவீது செய்தது தப்பு என்று முடிக்கப் போனேன். ஜெஸி என்று ஒரு வாலு இருக்கிறாளே, அவள் எழுந்து, "டீச்சர், லெட்டரப் படிச்ச யோவாப் ஏன் மாட்டேன்னு சொல்லல? அவன் பெரிய தளபதிதான?" என்றாள். இத்தனை வருஷத்தில் யோவாபை நான் நினைத்ததே இல்லை. ராஜா எழுதினான், உரியா செத்தான், தீர்க்கதரிசி நாத்தான் வந்து ராஜாவைக் கேட்டான் என்று போய்விடுவேன். நடுவில் ஒருவன் கடிதத்தைப் படித்துவிட்டு, தெரிந்தே, உரியாவைச் சாவுக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தினானே. சீக்கிரமே மணியை அடித்துவிட்டேன்.

ஆனால் மாமாவை நீ அரக்கன் என்று நினைத்துவிடாதே. போன மழையில் ஜாய் நீலம் பாரித்தபோது, ஆஸ்பத்திரியில் விடிய விடிய மாஸ்க்கைப் பிடித்துக்கொண்டு நின்றவர் அவர். அந்தத் தாவீதே கர்த்தரைப் பாடின சங்கீதமும் பொய்யில்லையே. அதுதான் எனக்கு இவ்வளவு கஷ்டமாக இருந்தது.

விசாரணையில் என் கடிதத்தை வாசித்துவிட்டு, "இதெல்லாம் நீங்க பார்த்ததா?" என்று கேட்டார்கள். பாட்டிலைப் பார்த்தேன், அவர் குடித்ததைப் பார்க்கவில்லை, குடித்திருந்தார் என்று எழுதியது பொய், அதை நான்தான் எழுதினேன் என்றேன். யார் சொல்லி எழுதினீர்கள் என்றார்கள். மாமாவைக் காட்டினேன்.

வீட்டுக்கு வந்து அவர் சத்தம் போடவில்லை. "ஒனக்கு நான் என்னம்மா கொற வச்சேன்?" என்றார். அதற்கு அடித்திருக்கலாம். அப்புறம், "ஜோயல் வாரது வரைக்கும் நீ இங்கன இருக்க வேண்டாம்" என்று சொல்லிவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டார். ஜோயல் போனில், "எங்கப்பாவ சபை நடுவுல தலகுனிய வச்சிட்டியே" என்கிறார். ராயகிரியில் இருக்கும் என் அண்ணனோ, "இப்பம் வராத, ஊரு நாலு விதமாப் பேசும்" என்கிறான். சனிக்கிழமைக்குள் எங்காவது போக வேண்டும். நெபுலைசரைத் துணியில் சுற்றிப் பையில் வைத்துவிட்டேன்.

உன்னிடம் இடம் கேட்டு எழுதவில்லை, ரெபேக்காள். கேட்கும் யோக்கியதை எனக்கு இல்லை. நான் பொய் எழுதியது உனக்குத் தெரிந்தது போல, அதைப் பொய் என்று சொன்னதும் உனக்குத் தெரிய வேண்டும் என்றுதான் எழுதினேன்.

ஷாரோன்


அச்சன்புதூர்
8 ஆகஸ்ட் 2024

ஏட்டி ஷாரோன்,

இவரைத் திரும்பக் கூப்பிட்டிருக்கிறார்கள். நேற்றுச் சாவியை வாங்கிக்கொண்டு போய்ப் பார்த்தால், குரங்குகள் தண்ணீர்த் தொட்டி மூடியைத் தள்ளிவிட்டு உள்ளே குளித்திருக்கின்றனவாம். வேலைக்குப் போன சந்தோஷத்தைவிட அந்தக் கோபம்தான் மனுஷனுக்குப் பெரிதாக இருக்கிறது.

மன்னித்துவிட்டேன் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். கை வரவில்லை. வராததை எழுதினால் அதுவும் பொய்க் கடிதம்தானே. "நாம சபைக்குப் போகும்போது ஒரு சனமும் மூஞ்சி குடுத்துப் பேசல" என்று அம்மா இன்னும் ராத்திரி சாப்பாட்டில் சொல்லிச் சொல்லி அழுகிறாள். அது உன்னால்தான்.

ஆனால் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு எங்கே போவாய்? குற்றாலம் ரெஸ்ட் ஹவுஸ் வேண்டாம், அந்த ஈரம் அவளுக்கு ஆகாது. இங்கே அம்மா வீட்டில் உள்ரூம் காலியாக இருக்கிறது. கட்டில் பக்கத்திலேயே பிளக் இருக்கிறது, நெபுலைசருக்கு வசதி. நான் வெள்ளையடித்து வைத்துவிட்டேன், சுண்ணாம்பு வாசம் போக இரண்டு நாள் ஆகும், அதனால் சனிக்கிழமை வா. வந்தால் நான் உன்னிடம் சிரித்துப் பேசுவேன் என்று எதிர்பார்க்காதே. சாப்பாடு போடுவேன், பேசமாட்டேன். எத்தனை நாளைக்கு என்று எனக்கே தெரியாது.

தென்காசியில் நாலு மணி பஸ்ஸைப் பிடி. பிள்ளையைத் தூக்கிக்கொள்ள இவர் ஸ்டாப்பில் நிற்பார். உன் பையை நீயே தூக்கிக்கொண்டு வா.

ரெபேக்காள்