முறை சொல்லி அழைக்கும் எவரும்

மார்ச் 4, செவ்வாய்

நகர மன்றம் இன்று ஒரு முடிவுக்கு வந்தது. கூட்ட அறையின் மேற்கு ஜன்னல் இனிமேல் பாதி மட்டும் திறந்திருக்கும். முழுதும் திறக்க வேண்டும் என்றவர்கள் ஐந்து பேர், அடைக்க வேண்டும் என்றவர்கள் நான்கு பேர். மீதி இருவர் அந்த ஜன்னல் பக்கம் உட்காருவதில்லை என்பதால் நடுநிலை வகித்தார்கள். ஒன்றே கால் மணி நேர விவாதத்துக்குப் பின் தலைவர் எழுந்து போய், தன் கையாலேயே ஒரு கதவைச் சாத்தினார். கைதட்டல் எழுந்தது. எல்லாவற்றையும் எழுதிக்கொண்டேன். இருபத்திரண்டு வருஷமாக இந்த மன்றத்தின் கூட்டக் குறிப்பை எழுதுகிற எழுத்தர் நான். இந்த ஊர் எப்படி ஆளப்பட்டது என்று பின்னால் யாருக்காவது தெரிய வேண்டுமென்றால் என் நோட்டைத்தான் புரட்ட வேண்டும்.

மீதமிருந்த பத்து நிமிடத்தில் ஏழாம் வார்டு உறுப்பினர் ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். மன்றத்துக்கு நெறிமுறைக் குழு ஒன்று வேண்டும். உறுப்பினர்களும் அலுவலர்களும் சொந்தக்காரர்களுக்கும் சொந்தத் தொழிலுக்கும் சலுகை காட்டுகிறார்களா என்று பார்க்க வெளியாட்கள் மூன்று பேர். விவாதம் அடுத்த கூட்டத்தில்.

ஏழாம் வார்டு உறுப்பினர் என் மனைவி.

மார்ச் 5

எல்லாம் அந்த நிழற்குடையால் வந்தது. ஆஸ்பத்திரி வாசலில் இருந்த பஸ் நிறுத்தத்தைத் தலைவர் தன் மெத்தைக் கடை வாசலுக்கு மாற்றி, அங்கே நிழற்குடையும் கட்டிவிட்டார். பஸ் தாமதமானால் ஜனங்கள் உள்ளே வந்து மெத்தையில் உட்காரலாமே என்பது அவர் வாதம். பொய்யில்லை. போன மாதம் ஒருவர் சாய்ந்தபடியே தூங்கி இரண்டு பஸ்ஸை விட்டார். மூன்றாவது வந்ததும் தலைவரே எழுப்பி ஏற்றிவிட்டார். இதைப் பொதுச்சேவை என்றே அவர் மனப்பூர்வமாக நம்புகிறார்.

சாயங்காலம் துணி மடித்துக்கொண்டே அவள் சொன்னாள்: "இந்தக் குழு வந்தா மொதல்ல போறது உங்க சீட்டுதான். பொண்டாட்டி பேச, புருஷன் குறிப்பு எழுதறதுன்னா யாரு ஒத்துக்குவா? தெரியுமில்ல?"

"தெரியும்."

"தெரிஞ்சுமா சும்மா இருக்கீங்க?"

"நீ பேசறப்ப நான் என்னைக்குக் குறுக்க பேசியிருக்கேன்?"

சிரித்தாள். ஆனால் ஒரே சட்டையை மூன்று தடவை மடித்தாள்.

மார்ச் 9, ஞாயிறு

விதிகளை வரையும் வேலை வழக்கம்போல என் தலையில். பக்கத்துப் பெரிய ஊரின் விதிப் புத்தகத்தைப் பார்த்து எழுதினேன். அதில் உறவினர் என்பதற்கு 'குடும்பத்தினர்' என்று மட்டும் போட்டிருந்தார்கள். சித்தப்பா மகனின் மச்சான் அதற்குள் அடங்குவானா? அந்த ஓட்டை வழியாக ஒரு கல்யாண ஊர்வலமே போய்விடலாம். அதை அடித்துவிட்டு நானே எழுதினேன்: 'உறவினர் என்பது, உறுப்பினரோ அலுவலரோ முறை சொல்லி அழைக்கும் எவரும்.'

ஒரு சொல் கூடுதல் இல்லை, ஒரு சொல் குறைவில்லை. அவளுக்குப் படித்துக் காட்டினேன். தன் மருந்துக்கடைக்கு வந்த மாத்திரை அட்டைகளில் காலாவதி தேதி பார்த்துக்கொண்டிருந்தவள், "யாரும் தப்ப முடியாது" என்றாள்.

மார்ச் 11

பதினோரு படி எடுத்தாயிற்று. உறவினர் பக்கத்தை மட்டும் இன்னொரு தடவை எனக்காகப் படித்துக்கொண்டேன்.

மார்ச் 18, செவ்வாய்

யாரும் தப்பவில்லை.

அச்சகம் நடத்துகிற உறுப்பினர்தான் ஆரம்பித்தார். எதற்கும் 'ஆனா' என்று எழுந்திருப்பதால் ஊரில் அவருக்கு 'ஆனா அண்ணன்' என்றே பெயர்.

"ஆனா, நான் தலைவரை மாமான்னு கூப்பிடறேன். எங்கம்மாவும் அவரை மாமான்னுதான் கூப்பிடறாங்க. இப்ப நாங்க ரெண்டு பேரும் அவருக்கு சொந்தமா?"

தலைவருக்கு முகம் மலர்ந்துவிட்டது. யார் யாரை எப்படி அழைக்கிறார்கள் என்று வரிசையாகச் சொல்லச் சொன்னார். தலைவர் எட்டுப் பேருக்கு அண்ணன், இரண்டு பேருக்கு மாமா. அவர் என் மனைவியைத் தங்கச்சி என்கிறார், ஆனா அண்ணனை மாப்பிள்ளை என்கிறார். பேக்கரி நடத்துகிற உறுப்பினர் எல்லோருக்கும் அத்தை. அவரைவிட ஏழு வயது மூத்தவருக்கும் அத்தைதான். என் விதிப்படி, உறவினர் சம்பந்தப்பட்ட விஷயம் வந்தால் எழுந்து வெளியே போய்விட வேண்டும். செய்தே பார்த்துவிடலாம் என்று தலைவர் சொல்ல, பதினோரு பேரும் எழுந்து வராந்தாவுக்குப் போனார்கள். கேன்டீன் அம்மா பின்கதவு வழியாக டீத் தட்டோடு வந்து, "எல்லாரும் எங்க போயிட்டாங்க சித்தப்பா?" என்றாள். நானும் அவளை மகளே என்றுதான் கூப்பிடுவேன். நோட்டை எடுத்துக்கொண்டு எழுந்தேன்.

காலி அறையைப் பார்த்துத் தலைவர் ரசித்துச் சிரித்தார். பிறகு கூட்டத்தை ஒரு வாரம் தள்ளிவைத்தார். உறவினருக்குப் புது விளக்கம் கொண்டுவரும்படி ஏழாம் வார்டு உறுப்பினர் என்னைக் கேட்டுக்கொண்டார். கேட்டுக்கொண்டார் என்பது நான் போடுகிற சொல்.

படியிறங்கும்போது தலைவர் என் தோளில் கை போட்டார். "ஒண்ணும் திருத்தாதீங்க தம்பி. இப்படியே கொண்டுவாங்க, தானா விழுந்துடும். உங்க சீட்டும் தப்பிச்சுடும். வேற ஒருத்தர் எழுதி நான் கையெழுத்துப் போடணும்னா எனக்குக் கையே வராது."

உண்மையாகத்தான் சொன்னார். அவரிடம் இருக்கிற சிக்கலே அதுதான்.

மார்ச் 19

காலையில் அவள் போன மாதக் குறிப்பை என் முன்னால் வைத்தாள்.

"நான் அன்னைக்கு என்ன சொன்னேன்?"

ஞாபகம் இருந்தது. 'பொய் சொல்லாதீங்கண்ணே' என்று சொன்னாள்.

"நீங்க என்ன எழுதியிருக்கீங்க? படிங்க."

படித்தேன். 'தலைவர் அளித்த தகவலை மேலும் தெளிவுபடுத்துமாறு உறுப்பினர் கோரினார்.'

"நான் எதையும் கோரல."

உனக்குக் கெட்ட பெயர் வரக்கூடாது என்றுதான் அப்படி எழுதினேன் என்றேன்.

"அந்தப் பேரு எனக்கு வேணும். அந்த வாய்க்குத்தான் ஜனங்க ஓட்டுப் போட்டாங்க. அதை எடுத்துட்டு இது யாரு? எனக்கே இந்தப் பொம்பளையைத் தெரியல."

கடைக்குப் போய்விட்டாள். நானா? நான் திருத்துகிறவனா? இருபத்திரண்டு வருஷத்துல ஒருத்தரும் என் நோட்டைக் காட்டி இப்படிச் சொன்னதில்லையே — சொன்னவளும் இவளாத்தான் இருக்கணுமா?

மார்ச் 22, சனி

விடுமுறை. ஆபீஸ் போய், அவள் உறுப்பினரான பிறகு எழுதிய இரண்டு தொகுதிகளையும் எடுத்துவைத்துப் படித்தேன். தலைவர் பதினான்கு இடங்களில் 'சத்தம் போட்டார்'. ஆனா அண்ணன் ஆறு இடங்களில் 'மேசையைத் தட்டினார்'. என் மனைவி, மேசையைத் தட்டியே ஒரு தண்ணீர் டம்ளரை உடைத்தவள், எல்லா இடத்திலும் 'சுட்டிக்காட்டினார்'. ஓரிடத்தில் 'அன்புடன் நினைவூட்டினார்'. அன்று அவள் ஃபைலை விட்டெறிந்தாள். அன்பு இருந்தது உண்மை. என்னுடையதை அவள் பேரில் எழுதிவிட்டேன்.

நிழற்குடையை மெத்தைக் கடைக்கு நகர்த்தியவருக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்? அவராவது நாலு பேருக்கு நிழல் கொடுத்தார்.

மார்ச் 24, திங்கள்

புது விளக்கம்: 'உறவினர் என்பது கணவன், மனைவி, பெற்றோர், பிள்ளைகள், உடன்பிறந்தோர்; கணவன் அல்லது மனைவி வழியிலும் இவர்களே.'

அகர வரிசைப்படி உடன்பிறந்தோர்தான் முதலில் வர வேண்டும். வயது வரிசை என்றால் பெற்றோர். நான் கணவனை முதலில் வைத்தேன்.

அவள் நின்றபடியே இரண்டு தடவை படித்தாள். "கமா ஒண்ணு விட்டுட்டீங்க" என்றாள். நான் எதையும் விடவில்லை. கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு வருகிறேன் என்று உள்ளே போனவள் வெகு நேரம் துடைத்தாள்.

மார்ச் 25, செவ்வாய்

ஆனா அண்ணன் நேராக அவளிடம் போனார். "ஆனா, நிறுத்தம் உங்க மருந்துக்கடை எதுத்தாப்ல இருந்து போச்சுங்கற கோவம்தானே தங்கச்சி உங்களுக்கு?"

"இருக்கலாம். நான் இல்லைன்னு சொன்னா நீங்க நம்பக்கூடாது. அதைப் பாக்கத்தானே மூணு வெளியாள் கேக்கறேன்?"

அவர் உட்கார்ந்துவிட்டார். ஆனா என்றுகூடச் சொல்லவில்லை.

ஐந்துக்கு ஐந்து. தலைவர் கை தூக்கினால்தான் ஆகும். என்னைப் பார்த்தார். திருத்திவிட்டாயே என்கிற பார்வை. பிறகு, ஏற்கெனவே கட்டி முடித்தவற்றுக்கு இது செல்லுமா என்று கேட்டார். விதியைப் படித்தேன்: முடிந்த வேலைகளுக்குச் செல்லாது, நடந்துகொண்டிருப்பவற்றுக்குச் செல்லும். தலைவர் கொஞ்சம் யோசித்துவிட்டுக் கையைத் தூக்கினார். ஆறுக்கு ஐந்தில் நிறைவேறியது.

குறிப்பில் எழுதினேன்: 'விவாதத்தின்போது ஏழாம் வார்டு உறுப்பினர் இரண்டு தடவை மேசையைத் தட்டினார். ஒரு தடவை தலைவரை உட்காரச் சொன்னார்.'

ஏப்ரல் 8, செவ்வாய்

குழுவின் முதல் அமர்வு. முதல் விஷயம் நான். ஏழு நிமிடத்தில் முடிந்தது. ஓய்வு பெற்ற நில அளவையாளர் ஒருவர்தான் கேள்வி கேட்டார். ஏழாம் வார்டு உறுப்பினர் எனக்கு என்ன உறவு? மனைவி. எத்தனை வருஷமாக? வேலையைக் கேட்கிறாரா, கல்யாணத்தையா என்று புரியாமல் இரண்டையும் சொன்னேன். இருபத்திரண்டு, இருபத்தாறு. இரண்டையும் குறித்துக்கொண்டார். நல்ல கையெழுத்து.

ஏப்ரல் 11

புது எழுத்தரிடம் அலமாரிச் சாவியைக் கொடுத்தேன். யார் எந்த இடத்தில் முணுமுணுப்பார்கள் என்றும் சொல்லிக்கொடுத்தேன். தலைவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, ஒரு மெத்தை அனுப்புகிறேன் என்றார். குழுவை நினைவூட்டினேன். தலையணை என்றால் பரவாயில்லையா என்று கேட்டார்.

அவள் கடையைச் சீக்கிரமே சாத்திவிட்டு ஆபீஸ் வாசலில் நின்றிருந்தாள்.

"ஜெயிச்சவ மாதிரியா இருக்கு மூஞ்சி?" என்றேன்.

"இனிமே நான் பேசறதை வரிவிடாம யாரு கேப்பாங்க?"

அவள் கையிலிருந்த பையை வாங்கிக்கொண்டேன்.

ஏப்ரல் 15, செவ்வாய்

என் புதுச் சீட்டு: பிறப்பு இறப்புப் பதிவு, கீழ்த்தளம், மூன்றாவது கவுண்டர். பிறப்பு மூன்று, இறப்பு ஒன்று. மாடியில் கூட்டம் நடந்தது. ஐந்தே முக்காலுக்கு முடிந்ததாக அவள் சொன்னாள்.