சமையலறையில் சேர்த்த செயின்

மார்ச் 3, செவ்வாய்

இன்றும் என் வீட்டுக்காரர் என்னைப் பார்க்கவில்லை. சுவரையே பார்த்துக்கொண்டு படுத்திருக்கிறார். பக்கவாதம் பேச்சையும் வலது கையையும் பிடுங்கிக்கொண்டது, சரி. என்னை அடையாளம் தெரிவதையுமா?

டாக்டர் சொல்லிவிட்டார்: "வெள்ளிக்கிழமை வரைக்கும் பார்ப்போம்மா. எதுக்குமே அசையலைன்னா பயிற்சி குடுத்துப் பிரயோஜனமில்ல. வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிடுங்க."

கூட்டி வந்து? நானும் கூடவே உட்கார்ந்து சுவரைப் பார்க்கவா?

மார்ச் 4, புதன்

பஸ் வேலைநிறுத்தம். அவருடைய சைக்கிளில் போனேன். மருத்துவமனை வாசலில் செயின் அறுந்து விழுந்தது. நான் தொட்டது எது உருப்பட்டிருக்கிறது? சைக்கிளை வாட்ச்மேனிடம் விட்டுவிட்டு, செயினை மட்டும் பையில் போட்டுக்கொண்டு நடந்தே வீட்டுக்கு வந்தேன். வழியெல்லாம் அழுகை.

மார்ச் 5, வியாழன்

"அவருக்குப் பழக்கமான சாமான் ஏதாவது கொண்டாந்து காட்டுங்கக்கா" என்றாள் நர்ஸ். செயினை நானே சேர்த்துக் காட்டினால்?

அவர் கருவிப் பெட்டியைத் திறந்தேன். செயின் கழற்றும் கருவியை வைத்துத் திருகினால் கண்ணியைப் பிடித்திருக்கும் குட்டி ஆணி வெளியே வரும், அவர் செய்யும்போது பார்த்திருக்கிறேன். முழுசாக வந்துவிடக் கூடாதென்று யாருக்குத் தெரியும்? விழுந்து அடுப்புக்கடியில் போய்விட்டது. சனியன். அந்தக் கண்ணியைக் கழித்துவிட்டு, அடுத்ததில் பாதியோடு நிறுத்தி, இரண்டு முனையையும் கோத்துத் திருப்பித் திருகினேன். சேர்ந்துவிட்டது! மாலை போல முழு வட்டம். நான் செய்தது.

ஆனால் நாளை வெள்ளி.

மார்ச் 6, வெள்ளி

"என்னங்க, நானே சேர்த்தேன், பாருங்க" என்று அவர் மடியில் வைத்தேன். கண் இறங்கியது. இடது கை மெல்ல வந்து செயினைத் தடவியது. திடீரென்று உடம்பெல்லாம் குலுங்கியது. ஐயோ, வலிப்பு வந்துவிட்டதென்று அலறி நர்ஸைக் கூப்பிட்டேன்.

வலிப்பில்லை. சிரிப்பு. சத்தமே வராமல், கண்ணில் நீர் வழிய என்னையே பார்த்துச் சிரிக்கிறார்.

செயினைத் தூக்கிக் கட்டில் கம்பியில் இடித்து இடித்துக் காட்டினார். அப்புறம்தான் உறைத்தது. மூடிய வட்டம் கம்பியைச் சுற்றி எப்படிப் போகும்? சைக்கிள் சட்டத்துக்குள்ளும் நுழையாது. முதலில் உள்ளே விட்டுச் சுற்றிவிட்டு, அதற்குப் பிறகுதான் முனைகளைச் சேர்க்க வேண்டும். நான் சமையலறையிலேயே சேர்த்துவிட்டேன்.

டாக்டர் அறை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாராம்.

மார்ச் 9, திங்கள்

செயினைப் பிரித்து, மருத்துவமனை வாசலில் சைக்கிள் பக்கத்திலேயே உட்கார்ந்து மாட்டிவிட்டேன். கையைக் கழுவாமல் மேலே ஓடினேன். பயிற்சி கொடுக்கிற பெண் அவர் வலது கையைப் பிடித்து நீட்டிக்கொண்டிருந்தாள். என் முகத்துக் கிரீஸ் கறையைப் பார்த்துவிட்டு மறுபடி அதே சிரிப்பு. சிரிக்கட்டும்.