பெரியப்பா தோப்பு டவர்

அப்பா,

என்ற சிம்மை வேற கம்பெனிக்கு மாத்தோணுங்க. கேரளா எல்லைக்கு அந்தப் பக்கம் பெரியப்பா தோப்புல இந்தக் கம்பெனி டவர் வாடகைக்கு நிக்கிற வரைக்கும் இந்தப் பேச்சையே எடுக்கக் கூடாதுன்னீங்க. எடுத்துட்டேன்.

நேத்து கோயமுத்தூர்க் கம்பெனிக்காரங்க வேலைக்குப் பேசக் கூப்பிட்டப்ப, பேரும் ஊரும் சொல்றதுக்குள்ள லைன் போயிருச்சு. நம்ம ஊட்டுல மொத மொதல்ல டிகிரி வாங்குனவ மாட்டுத் தொட்டி மேல ஏறி நின்னு அலோ அலோன்னு கத்துனேன். கஸ்டமர் கேர்ல கேட்டா, டவர் கேரளாவுல இருக்குது, அங்க சொல்லுங்கங்கறான். கேரளாக்காரன், சிம் பொள்ளாச்சியில வாங்குனது, அங்க போங்கங்கறான். கடைசியில 'உங்கள் புகார் தீர்க்கப்பட்டது'ன்னு மெசேஜ் மட்டும் டாண்ணு வருது.

அடுத்த வாரம் மறுபடி கூப்புடறாங்களாம். அதையும் உட்டுட்டு நிக்க என்னால ஆகாது.

நம்பர் மாறாதுங்கப்பா. பெரியப்பா கோவிச்சுட்டா எனக்குப் போன் போட்டுத் திட்டச் சொல்லுங்க. லைன் கெடைக்குதான்னு அவரும் பாக்கட்டும்.

ரசம் அடுப்பு மேல இருக்குது. உங்க வகுத்துக்காக மொளகு கொறச்சுத்தான் போட்டேன்.

அனு

பி.கு.: சிம் அம்மா பேர்ல வாங்குனது, அவங்க வந்து விரல் வெச்சாத்தான் மாத்துவாங்களாம். பயந்துட்டேதான் அம்மாகிட்டக் கேட்டேன். எனக்கு முந்தியே அவங்க சீலை மாத்திட்டு பஸ் ஸ்டாப்புக்குப் போயிட்டாங்க. நானும் கெளம்பிட்டேன்.